ஓர் ஆட்டமும் ஒரு கணக்கேடும்

சென்ற 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் நாசரேத்திலுள்ள எம் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, பரண்மேற் கிடந்த பழம்பொருள்களை இறக்கித் துடைத்து அடுக்குமாறு அன்னையார் எம்மைப் பணித்தார். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் பிள்ளைக்கு விடுமுறையில் வேறு வேலை யாதும் இராது என்பது அவர்தம் துணிபு. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கிற் சட்டம், கால் முறிந்த முக்காலி, பழைய பனையோலைப் பெட்டிகள் ஆகிய இவற்றையெல்லாம் இறக்கிய பின்னர், அடியில் எம் தமையனாரின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்கேடு ஒன்று அகப்பட்டது. முன்பக்கங்களில் வகைநுண்கணிதம் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். ஐந்தைந்து எழுத்தும் இலக்கமும் கலந்த பொருளற்ற சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அவற்றிற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு துறைமுகத்தின் படம் காணப்பட்டது. படமெங்கும் அம்புக்குறிகள்; அம்புகளின் அருகே சிறு எண்கள்; கிடங்கொன்றின் மூலையில் மட்டும் பெரியதொரு வினாக்குறி, இருமுறை அழுத்தி வரையப்பட்டிருந்தது.

அறியாதார் கண்டால் அவ்வேட்டை ஏதோ ஒற்றன் ஒருவனுடைய கைப்பொருள் என்றே கருதியிருப்பர். எமக்கோ அது நன்கு தெரிந்த பொருள். கண்ட அளவில் எம் நெஞ்சு திடுக்கிட்டது. அதன் காரணம் சிறிது பின்னர்க் கூறப்படும். முதற்கண் அப்படம் எதனைப் பற்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ் என்பது ஒரு கணினி ஆட்டம். ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரத்தில் இயங்கிய பைரோ ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தார் அதனை ஆக்கினர். ஐடாஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தார் 1998ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது பகைவர் ஆட்சியிற் பட்ட நிலங்களுள் ஒரு சில வீரர் கரந்து புகுந்து, பாலத்தையோ, எரிபொருட் கிடங்கையோ, வானொலி நிலையத்தையோ தகர்த்துவிட்டு உயிரோடு மீளுதலே அதன் பொருள். நார்வே நாட்டிற் பனிநிலத்தில் தொடங்கி, வட ஆப்பிரிக்காவின் மணல்வெளியையும் பிரான்சு நாட்டு நார்மண்டிக் கரையையும் கடந்து, ஜெர்மனியில் முடியும் 20 பணிகள் அதில் உண்டு.

ஆடுவோன் கைக்கீழ் அமையும் வீரர் அறுவர். அவருள் எல்லாரும் எல்லாப் பணியிலும் வாரார். பச்சைத் தொப்பி அணிந்த வன்மையாளன் ஒருவன். அவன் சுவரேறுவான், மண்ணைத் தோண்டித் தன்னை மறைத்துக்கொள்வான், வீழ்ந்தவரின் உடலைத் தோளிற் சுமந்து மறைவிடம் சேர்ப்பான். நெடுந்தொலைவிலிருந்து குறி தப்பாது சுடுவான் ஒருவன். ஆயின் அவனிடத்துள்ள குண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீருள் மூழ்கிச் செல்வான் ஒருவன். வெடி வைப்பதில் வல்லான் ஒருவன். எவ்வகை வண்டியையும் செலுத்துவான் ஒருவன். பகைவரின் உடையை உடுத்து அவர் நடுவே உலாவும் ஒற்றன் ஒருவன். ஒருவன் செய்வதைப் பிறனொருவன் செய்யமாட்டான். ஒருவன் இறப்பினும் பணி தோற்றதாகவே முடியும். ஆதலின் அறுவரும் அறுவர்க்கும் வேண்டியவரே.

இவ்வாட்டத்தின் கடுமை எங்குள்ளது எனின், காவலர் கண்ணில் உள்ளது. மேலிருந்து சாய்வாக நோக்கும் படம் திரையில் விரிகின்றது. அதில் எறும்பனைய சிறு வீரர்கள் இங்குமங்கும் ஓயாது உலாவுகின்றனர். ஒரு காவலனைச் சுட்டினால், அவன் பார்வை விரியும் பரப்பு விசிறிபோலப் பச்சை நிறத்தில் தோன்றும். அண்மைப் பகுதி இளம்பச்சை; அதனுள் எவ்வாறு புகுந்தாலும் அகப்படுவோம். சேய்மைப் பகுதி கரும்பச்சை. அதனுள் தரையோடு தரையாக ஊர்ந்து செல்வாரை அக்காவலன் காணான். இவ்வளவும் எளிதே. ஆயின் ஒரு நேரத்தில் ஒரு காவலனுடைய பார்வையை மட்டுமே காணவியலும். களத்தில் நிற்போரோ பலர். ஒருவன் கண்ணுக்குத் தப்பிவிட்டோம் என மகிழும் கணத்தில், யாம் பாராத வேறொருவன் பார்த்துவிடுகின்றான். உடனே அபாயச் சங்கு ஊதுகின்றது. பாசறைக் கதவுகள் திறக்கின்றன, படை வெளிப்படுகின்றது, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

முதற்பணியிலேயே இந்நிலை பலமுறை நேரும். பொறுமையாக ஒவ்வொன்றையும் கற்பித்து, பின்னர்த் தேர்வு வைக்கும் நல்லாசிரியர் போன்றதன்று இவ்வாட்டம். தேர்வை முதலில் வைத்து, தவறியவனை மீண்டும் முதல் வரிசையில் நிறுத்தும் ஆசிரியரைப் போன்றது. அத்தகைய ஆசிரியரிடம் எம்முள் யாரேனும் பயின்றிருந்தால் அவருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. 2015ஆம் ஆண்டில் எம் மாமா சென்னையிலிருந்து கொணர்ந்த குறுந்தகடு ஒன்றின்வழியே இவ்வாட்டம் எம் இல்லத்துட் புகுந்தது. அப்போது எமக்கு வயது ஒன்பது, தமையனாருக்குப் பதினேழு. பிறர் பயன்படுத்திக் கழித்த கணினியொன்றை எந்தையார் குறைந்த விலைக்கு வாங்கிவந்து, படிப்பிற்கு உதவும் என்று நம்பி நடுக்கூடத்தில் வைத்திருந்தார். தமையனார் மாலைதோறும் ஒரு மணி நேரம் ஆடுவார். யாம் அவர் பின்னால் முக்காலியில் அமர்ந்து பார்ப்போம். பேசுதல் கூடாது என்பது கட்டளை. அவரும் பேசமாட்டார். சில நாள்களில் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் அவர் ஒருவனையும் நகர்த்தாமலே இருந்ததுண்டு. கையில் எழுதுகோலும், மடியில் கணக்கேடுமாகக் காவலர் நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். இவன் இம்மூலையிலிருந்து அம்மூலைக்குச் செல்ல எத்தனை நொடி, திரும்பி நிற்க எத்தனை நொடி என்று எண்ணிக் குறிப்பார். எமக்கோ அது பெருஞ்சலிப்பாக இருந்தது. வெடிக்கும் இடம் எப்போது வரும் என்றே காத்திருப்போம்.

ஒவ்வொரு பணியும் முடிந்தவுடன் அடுத்த பணிக்குரிய மறைச்சொல் ஒன்று திரையில் தோன்றும். அதனைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் அப்பணியின் தொடக்கத்திலிருந்து ஆடலாம். கணக்கேட்டில் யாம் கண்ட பொருளற்ற சொற்கள் இவையே. பணியின் நடுவே நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. அவ்வப்போது நிலைமையைச் சேமித்து வைத்தால், இறந்தபின் அவ்விடத்திலிருந்து தொடரலாம். விரைவாகச் சேமித்தால் முன்னைச் சேமிப்பு அழிந்து அவ்விடத்திற் புதியது அமரும். இந்தச் செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எம் குற்றம் இதனுள்ளேதான் இருக்கின்றது.

அத்துறைமுகப் பணியில் தமையனார் ஏறத்தாழ மூன்று வாரம் நின்றார். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தையார் ஒரு மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்தார். ஒருநாள் மாலை அவர் தனிப்பயிற்சி வகுப்பிற்குப் புறப்படும்போது, “தம்பி, இதைத் தொடாதே, வந்து முடிக்கவேண்டும்” என்று சொல்லிச் சென்றார். ஆட்டம் அசையாது நிறுத்தப்பட்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்னையார் ஆலயத்தில் பெண்கள் கூட்டத்திற்குப் போயிருந்தார்.

யாம் தொட்டோம். ஒருவனை நாலடி நகர்த்திப் பார்க்கவேண்டும் என்பதே எம் விருப்பம். நாலடி நகர்ந்தான், சங்கு ஊதியது. யாம் அஞ்சினோம். நிறுத்துவதற்கு வழி தேடி விசைப்பலகையில் தமையனார் அடிக்கடி அழுத்தக் கண்ட விசைகளையே அழுத்தினோம். அது சேமிக்கும் கட்டளை. மூன்று வாரத்து உழைப்பின்மேல், சங்கு ஊதிக்கொண்டிருக்க, துப்பாக்கி ஏந்தியவன் ஒருவன் எம் வீரனை நோக்கி நின்ற அந்தக் கணம் சேமிக்கப்பட்டது. அதன் பின்னர் எத்தனைமுறை திறந்தாலும் அக்கணமே திறந்தது. திறந்த இரண்டு நொடியிற் சாவு.

யாம் ஆட்டத்தை அணைத்துவிட்டு, முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வெளியே விளையாடப் போய்விட்டோம்.

அன்றிரவு தமையனார் திறந்து பார்த்தார். வீரன் விழுந்தான். மீண்டும் திறந்தார், மீண்டும் விழுந்தான். முப்பது முறையாவது இருக்கும். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எம்மைத் திரும்பிப் பார்த்து அவர் கேட்பார் என்று உடல் நடுங்கியது. அவர் கேட்கவில்லை. “அவசரத்தில் தப்பான இடத்தில் சேமித்துவிட்டேன் போலும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கணக்கேட்டை மூடினார். மறைச்சொல் கையில் இருந்தமையால் பணியின் தொடக்கத்திலிருந்து அவர் ஆடியிருக்கலாம். ஆனால் ஆடவில்லை. தேர்வு வந்தது, பின்னர்க் கப்பற் பொறியியற் படிப்பு வந்தது, அவர் ஊரைவிட்டுப் போனார். இன்று சரக்குக் கப்பலொன்றின் இயந்திர அறையில் பணிபுரிகின்றார். அவர் அவ்வாட்டத்தை மீண்டும் தொட்டதை யாம் கண்டதில்லை. பத்தாண்டுகளாக இச்செய்தியை யாம் எவரிடமும் சொன்னதுமில்லை. பரணிலிருந்து இறங்கிய ஏடு எம்மைத் திடுக்கிடச் செய்தது இதனாலேயே.

அன்று மாலையே அவ்வாட்டத்தை விலை கொடுத்து எம் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டோம். இருபத்தேழு ஆண்டுப் பழமையுடைய அது இன்றும் விற்கப்படுகின்றது, விலையும் சிறிதே. கணக்கேட்டின் கடைசி மறைச்சொல்லை உடனே இட்டுத் துறைமுகத்திற் குதித்துவிடலாம் என்று கை துடித்தது. ஆயினும் அங்ஙனம் செய்யாது, முதற்பணியிலிருந்தே தொடங்கினோம். தமையனார் நடந்த வழியெல்லாம் நடந்து அவ்விடம் சேரவேண்டும் என்று தோன்றிற்று.

நடந்தது என்று எழுதுகின்றோம். உண்மையில் தவழ்ந்தது என்றே எழுதவேண்டும். முதற்பணியை முடிக்க எமக்கு இரண்டு நாள் ஆயின. விடுதித் தோழர் ஒருவரின் கணினியில் ஷேடோ டாக்டிக்ஸ் என்னும் ஆட்டத்தை யாம் முன்னரே ஆடி முடித்திருந்தோம். அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஜெர்மனி நாட்டு மிமிமி என்னும் குழுவினர் ஆக்க, 2016இல் வெளிவந்தது. எதோ காலத்து ஜப்பான் நாட்டைக் களமாக உடையது. சேமித்து ஒரு நிமிடம் கடந்துவிட்டால் ‘சேமி, சேமி’ என்று திரையே நினைவூட்டும் அளவிற்கு அது இரக்கமுள்ளது. வீரர் பலருடைய செயலை முன்கூட்டி அமைத்து, ஒரே கணத்தில் நிகழச் செய்யவும் அதில் வழியுண்டு. அதில் தேர்ந்த செருக்கோடு பழைய ஆட்டத்துட் புகுந்த எமக்கு நார்வே நாட்டுக் காவலர் நல்ல பாடம் கற்பித்தனர். ஒரே கணத்தில் இருவரை இயக்கவேண்டுமாயின், இங்கே ஆடுவோன் கைவிரைவே துணை.

பழையதெல்லாம் நன்று என்று சொல்லும் கூட்டத்தார்க்கு இங்கே ஒரு சொல். இதன் கடுமையில் ஒரு பகுதி கலையன்று, வெறுங்குறையே. உருவங்கள் மிகச் சிறியன. கட்டளையிடும் முறை முரடானது. கதவுக்குப் பின் நிற்பவனைச் சுட்ட விரும்பிக் கதவையே சுட்டிவிட்டு இறந்த வேளைகள் பல. இக்குறைகளைப் பின்வந்தோர் நீக்கியது நன்மையே. 2001இல் வந்த இரண்டாம் கமாண்டோஸ் பல இடங்களில் எளிமையாயிற்று என்று வருந்துவோர் உளர். யாம் அவருட் சேர்ந்தவரல்லேம். கடுமையின் மற்றப் பகுதியோ கலையே. காவலர் பார்வையை ஒவ்வொன்றாக மட்டுமே காட்டுதல் என்னும் அந்த ஒரு விதியை நீக்கினால், தமையனாரின் கணக்கேடு பிறந்திராது. திரை மறைத்ததை அவர் தாளில் வரைந்துகொண்டார். ஆட்டத்தின் பாதி கணினியிலும் பாதி அவ்வேட்டிலுமாக நடந்தது.

ஏழாவது எட்டாவது பணியளவில் எமக்கும் அப்பழக்கம் தொற்றியது. வகுப்பில் வெட்சித்திணை பயின்ற நாள்கள் நினைவிற்கு வந்தன. பகைவர் ஆநிரையைக் களவிற் கவர்ந்துவருதல் என்று ஒருவரியில் சொல்லிவிடலாகும் ஒரு செயலைத் தொல்காப்பியர் 14 துறைகளாக வகுத்தார். பகைவரின் காவலறியாமற் செல்லுதல், அங்குள்ள நிலைமையை ஒற்றர் வாயிலாக அறிதல், ஊர்ப்புறத்தைச் சூழ்ந்து தங்குதல் என்று கவர்தலுக்கு முன்னரே அவர் இத்தனை படி வைப்பானேன் என்று முதலாண்டில் வியந்தோம். மனப்பாடம் செய்வதற்கு அலுப்பாகவும் இருந்தது. இப்போது அலுப்பு நீங்கிற்று. கவர்தல் நொடிப்பொழுது, அதற்குமுன் உள்ளதே போர். எம் பேராசிரியர் இதனைப் படித்துச் சினவாதிருப்பாராக.

இன்னொன்றையும் சொல்லாமற் கடத்தல் இயலாது. பணிகள் பல முடிந்தபின் ஓரிரவு, யாம் கத்தியால் வீழ்த்திய காவலனொருவனின் உடலை வன்மையாளன் தோளிற் சுமந்து சுவர்ப்புறத்தே இட்டபோது, எமக்கு ஒரு கூச்சம் உண்டாயிற்று. நாற்பது நிமிடமாக அவன் நடையை எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கே திரும்புவான், எங்கே நிற்பான் என்பதெல்லாம் எமக்குத் தெரியும். அவ்வளவு அணுக்கமாக யாம் நோக்கிய மனிதர் எம் வகுப்பிலும் இல்லை. அவனைப் பிறந்தவன் என்றோ இறந்தவன் என்றோ சொல்வதற்கில்லை. ஒளிப்புள்ளிகளின் கூட்டமே அவன். ஆயினும் அன்று ஆட்டத்தை அணைத்துவிட்டு, உண்மைக் கமாண்டோ வீரரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

அப்படை 1940இல் பிரிட்டனில் அமைக்கப்பட்டது. 1941 மார்ச்சுத் திங்களில் நார்வே நாட்டு லோஃபோடன் தீவுகளில் இறங்கியது. ஆட்டம் நார்வேயில் தொடங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1942 மார்ச்சு 28ஆம் நாள் பிரான்சு நாட்டு சென் நசேர் துறைமுகத்தில் அவர் செய்த செயல் பெயர்பெற்றது. காம்பெல்டவுன் என்னும் பழங்கப்பலொன்றில் காலம் வைத்த வெடியை நிரப்பி, பெருங்கப்பல்களைச் செப்பனிடும் துறையின் கதவின்மேல் நள்ளிரவு கடந்து மோதினர். அதனை மோதிய வேளையில் அது வெடிக்கவில்லை. பகற்பொழுதில், பகைவர் பலர் அதன்மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கையில் வெடித்தது. அத்துறை போர் முடியும்வரை பயன்படவில்லை. பணி வென்றது எனலாம். ஆனால் சென்ற அறுநூற்றுச் சொச்சம் பேரில் 169 பேர் இறந்தனர். 215 பேர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 18இல், பிடிபட்ட கமாண்டோ வீரரைச் சிறைவையாது கொன்றுவிடுக என்று ஹிட்லர் மறைவாணை பிறப்பித்தான். ஆட்டத்தில் ஒருவன் இறப்பினும் தோல்வி என்று விதித்த மத்ரித் நகரத்தார் சென் நசேரைக் கண்டிருந்தால் அதனைத் தோல்வியென்றே எழுதியிருக்கவேண்டும். அங்கே சேமித்து வைத்த கணம் ஒன்றும் இல்லை. மீண்டும் திறப்பாரும் இல்லை. இதனைப் படித்தபின் இரண்டு நாள் யாம் ஆட்டத்தைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தோம் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

ஜூன் முதல் வாரத்தில் துறைமுகத்தை அடைந்தோம்.

கணக்கேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டோம். பத்தாண்டிற்கு முன் வரைந்த படம் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. ‘11’ என்று எழுதிய இடத்தில் காவலன் பதினோரு நொடியிற் சென்றான். ‘4’ என்ற இடத்தில் நான்கு நொடி நின்றான். அம்புகளைப் பின்பற்றி முதல் மேடையைக் கடந்தோம், கப்பற்சுற்றையும் கடந்தோம். தமையனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. பின்னர் அந்த வினாக்குறி வந்தது. கிடங்கு மூலையில் நிற்பவன் அவன். அவனுக்கு அப்பால் அம்பு ஒன்றும் இல்லை. அவர் அங்கேதான் நின்றுவிட்டிருக்கின்றார்.

அம்மூலையைக் கடக்க முயன்றபோதெல்லாம் சங்கு ஊதிற்று. மூலைக்காவலனின் பச்சை விசிறியைப் பார்த்தோம். அவன் அப்பால் திரும்பும் நேரம் ஒன்பது நொடி. ஊர்ந்து கடப்பதற்கு ஏழு நொடி போதும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆயினும் சங்கு ஊதிற்று. ஏட்டின் ஓரத்தில் தமையனார் ‘9 - 7 = 2, பின் ஏன்?’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்ததை அப்போதே கவனித்தோம். நான்கு மாலை அவ்வாறே கழிந்தன. ஐயம் முழுவதும் அம்மூலைக்காரன்மேலேயே இருந்தது. அவன் முதுகிலும் கண் உண்டோ என்று கூட எண்ணினோம்.

ஐந்தாம் மாலை, ஆட்டத்தோடு வந்த கையேட்டைப் படிக்கத் தோன்றிற்று. மாமா கொணர்ந்த குறுந்தகட்டோடு கையேடு வரவில்லை. இப்போது விலைக்கு வாங்கியதனோடு வந்தது. யாமும் அதுவரை திறக்கவில்லை, தமிழ் மாணவன் எந்திரக் குறிப்பைப் படிப்பதாவது என்னும் இறுமாப்பினால். அதில் ஒரு செய்தி இருந்தது. பார்வையைக் காட்டும் அந்தக் கண்ணை ஆளின்மேல் மட்டுமன்றி நிலத்தின்மேலும் வைக்கலாம். ஆளின்மேல் வைத்தால் அவன் எங்கே பார்க்கின்றான் என்பது தெரியும். நிலத்தின்மேல் வைத்தால் அவ்விடத்தை யார் பார்க்கின்றார் என்பது தெரியும்.

மூலைக்கு அருகே, எம் வீரன் இறந்து இறந்து விழுந்த அந்த இடத்திலேயே குறியை வைத்தோம். காத்திருந்தோம். மூலைக்காவலன் திரும்பினான், அவன் அதனைப் பார்க்கவில்லை. நெடுந்தொலைவில், நீருக்கு அப்பால் எதிர் மேடையில் நின்ற ஒருவன் மெல்லத் தலையைத் திருப்பினான். அவன்தான் பார்த்தான். தமையனார் படத்தில் அவனுக்கு ஓர் அம்பும் இட்டிருக்கவில்லை. அவன் நகர்வதில்லையாகையால் அவனை அவர் கணக்கிற் சேர்க்கவே இல்லை. மூன்று வாரமும் குற்றம் வேறொருவன்மேலேயே இருந்திருக்கின்றது.

அதன்பின் வேலை எளிது. நீருள் மூழ்குவோனை எதிர் மேடைக்கு அனுப்பினோம். அவன் கரையேறி அக்காவலன் பின்னே வந்தான். மற்றவர் ஏழு நொடியில் மூலையை ஊர்ந்து கடந்தனர். இரண்டு நொடி மிஞ்சிற்று. இரவு பதினொன்றரை மணிக்குப் பணி முடிந்து, அடுத்ததன் மறைச்சொல் திரையில் தோன்றிற்று. அதனைக் கணக்கேட்டில் தமையனாரின் கடைசிச் சொல்லுக்குக் கீழே எம் கையால் எழுதினோம். அவர் கையெழுத்திற்கு அருகே எம் கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது.

அப்பக்கத்தை நிழற்படம் எடுத்துத் தமையனாருக்கு அனுப்பினோம். அதனோடு, 2015ஆம் ஆண்டு அம்மாலையில் நடந்ததையும் எழுதினோம். அவர் தனிப்பயிற்சிக்குச் சென்றது, யாம் முக்காலியை நகர்த்தியது, நாலடி, சங்கு, அழுத்திய விசை, பின்னர் வெளியே விளையாடப் போனது, இரவு அவர் முப்பது முறை திறந்தபோது வாய் திறவாது பின்னால் நின்றது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாது எழுதினோம். எழுதி முடித்தபோது விடியற்காலை ஆலயமணி அடித்தது. கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது. அங்கே செய்தி சென்று சேர்வதும் விடை வருவதும் காற்றையும் கம்பியில்லாத் தொடர்பையும் பொறுத்தவை. பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அன்னையாரிடம் தொலைபேசியிற் பேசியபோதும் அவர் எம்மைப் பற்றி யாதும் கேட்கவில்லையாம். கல்லூரி திறந்தது, யாம் விடுதிக்குத் திரும்பினோம். கணக்கேட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டுவந்தோம்.

பதின்மூன்றாம் நாள், இலக்கண வகுப்பு முடிந்து வெளிவரும்போது விடை வந்தது. நெடிய கடிதத்திற்கு அவர் எழுதியது இரண்டே வரி. எம் குற்றத்தைப் பற்றி அவ்விரண்டு வரியிலும் ஒரு சொல் இல்லை.

“தம்பி, படம் கிடைத்தது. அந்த மூலையில் நின்றவனை எப்படியடா கடந்தாய்?”

ஆலமரத்தடியில் அமர்ந்து விடையெழுதத் தொடங்கினோம். மூலையில் நின்றவன் அல்லன், அண்ணா, என்று முதல் வரி வந்தது. எதிர் மேடையை வரைந்து காட்டவேண்டியிருந்ததால் கணக்கேட்டைத் திறந்து, அவர் படத்தின்மேலேயே விடுபட்ட அம்பை இட்டோம். மதிய உணவு மணி அடித்தபோது மூன்றாம் பக்கத்தில் இருந்தோம்.